எங்கள் வளவுக்கு நீ பூசிய சிவப்பு

சாய்ந்தமருது,
22.06.2025

அன்புள்ள மகன் ஹாதிக்குக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மதுல்லாஹி வபறகாத்துஹு. நாங்கள் இங்கே சுகம், நீயும் அங்கே சுகமாக இருக்க வல்ல நாயன் அருள்புரிய வேண்டும் என்று எழுதித்தான் தொடங்க வேண்டும். உன்னுடைய படத்தின்படி எங்கள் சுகத்துக்கு இருபத்தைந்து வருடம்தான் தவணை என்பதால், தவணை முடியும் மட்டும் சுகம் என்று திருத்தி வாசித்துக்கொள். இந்தக் காலத்தில் கடிதமா என்று நீ சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நான் அனுப்புகிற குரல் பதிவையெல்லாம் நீ இரட்டை வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாயாம், உன் தங்கச்சி ஸப்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். பத்து நிமிடம் நான் மூச்சு வாங்க வாங்கக் கதைத்ததை உனக்கு ஒரு கிளி ஐந்து நிமிடத்தில் கீச்சிட்டு முடித்துவிடுகிறது. கடிதத்தை அப்படி ஓட்ட முடியாது, நான் எழுதுகிற வேகத்தில்தான் நீ வாசிக்க வேண்டும். ஜெமீல் மாமாவின் மருமகன் புதன்கிழமை ஜெர்மனிக்குப் பயணம், நீ இருக்கிற நாட்டுக்குப் பக்கம்தானாம், அங்கிருந்து உனக்குத் தபாலில் போடுகிறேன் என்றார். அவருடைய பெட்டியில் ஒரு பார்சலும் வைத்திருக்கிறேன், அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உன் படிப்பு முடிந்து ஆராய்ச்சிப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டாய் என்று கேட்டு நாங்கள் எல்லோரும் சந்தோசப்பட்டோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நீ என்ன படித்தாய் என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லித்தான் எனக்கு வாய் வலிக்கிறது. நிலைபேறான அபிவிருத்தி என்றேன், பக்கத்து வீட்டு றஹீமா அது டொக்டருக்கா இஞ்சினியருக்கா என்று கேட்டாள். இரண்டும் இல்லை, உலகத்தைக் காப்பாற்றுகிற படிப்பு என்றேன். அதுக்குச் சம்பளம் ஆரு குடுக்கிற எண்டு கேட்டாள். போன மாதம் நீ ஆசையாக ஒரு போட்டோ அனுப்பியிருந்தாய், கிழிந்த சட்டையை ஊசி நூலால் பொத்தப் பழகுகிற வகுப்பில் இருக்கிறேன் என்று. அதற்கு ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஆசிரியையாம். உன் வாப்பாவின் சாரன் நாலு தடவை பொத்தித் தைத்து, பிறகு தலையணை உறையாகி, பிறகு சட்டி இறக்குகிற துணியாகி, இப்போது தோணியின் எஞ்சின் துடைக்கப் போயிருக்கிறது. நாங்கள் செய்தால் இல்லாமை, நீ செய்தால் பாடம். எங்கள் வீட்டை மிகவும் குறைவாகப் புகை விடுகிற வீடு என்று உன் புத்தகத்தில் மெச்சியிருக்கிறாயாம். ஒரு ஏசி வாங்கிப் பூட்டித் தா, நான் எவ்வளவு விடுகிறேன் என்று பிறகு அளந்து பார். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வா மகன் என்று கெஞ்சினேன். விமானத்தில் ஏறினால் பூமிக்குக் கேடு, மனச்சாட்சி இடம் கொடுக்கவில்லை உம்மா என்றாய். மார்கழியில் போர்த்துக்கலில் நடந்த மகாநாட்டுக்கு உன் மனச்சாட்சி எப்படிப் போனது, நீந்தியா. சனங்கள் பறப்பதைக் குறைக்க வேண்டும் என்று சொல்வதற்கு நீ பறந்து போயிருக்கிறாய். அந்த மகாநாட்டில் நீ மேடையில் நிற்கிற போட்டோவை நான் எல்லோருக்கும் காட்டினேன், அதுவும் உண்மை.

இனி வீட்டுக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது. கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடி வருவார், அந்த வீட்டைப் பெண்ணைப் பெற்றவர்கள் கட்டி வைத்திருக்க வேண்டும். ஆகையால் பெண்ணைப் பார்க்குமுன் வீட்டைப் பார்ப்பார்கள், சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள். இதற்கு எதிராக நீ பேஸ்புக்கில் எழுதினாய், சீதன வீடு ஒழிய வேண்டும் என்று. இருநூற்றுச் சொச்சம் பேர் விருப்பம் போட்டார்கள். அதில் கல்யாணம் முடிக்காத ஆம்பிளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள், ஒருவராவது வீடு வேண்டாம் என்று ஸப்னாவைக் கேட்டு வரவில்லை. அதனால் வாப்பா பதினொரு வருடமாகக் கடலில் கிடந்து, பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஒரு வீட்டை எழுப்பிவிட்டார். கூரை ஏறிவிட்டது, ஹோலும் ஒரு அறையும் பூசி முடிந்துவிட்டது. அந்த வளவில் ஏன் கட்டினீர்கள் என்று நீ கேட்பாய். எங்களுக்கு வேறு காணியோ வளவோ இருந்தால் சொல். சுனாமிக்குப் பிறகு அதிகாரிகள் வந்து, இந்தக் கல்லுக்குக் கடற்பக்கம் ஒருவரும் கட்டக் கூடாது என்று கல் நட்டுவிட்டுப் போனார்கள். எங்கள் வளவு கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டு எட்டில் தப்பியது. பிறகு கல்லை நட்டவர்களே அதை மறந்துபோனார்கள், நான் அதில் கயிறு கட்டி உடுப்புக் காயப்போட்டேன்.

ஆசியா உம்மா ஒரு நல்ல சம்பந்தம் கொண்டுவந்தாள். உனக்குத் தெரியும், எங்கள் ஒழுங்கையில் பாதிக் கல்யாணம் அவள் பேசி முடித்ததுதான். மாப்பிள்ளை பெயர் றிம்சான், பாடசாலையில் புவியியல் படிப்பிக்கிறார், பாலமுனையில் குடும்பம், நல்ல குணமான பிள்ளை. பெருநாள் கழிந்து ஆறாம் நாள் வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அவர்கள் வருகிற அன்று காலை பார்த்து உன்னுடைய ஆராய்ச்சிப் படம் என் போனுக்கு வந்தது. ‘உம்மா, என்ட படம்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகம். ஒரு வார்த்தை அதற்கு மேல் இல்லை. மேலே பல்கலைக்கழகத்தின் முத்திரை, அடியில் உன் பெயர், நடுவில் பொத்துவிலிலிருந்து மருதமுனை வரைக்கும் எங்கள் கரை பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக. இங்கிலீசு எழுத்தை நான் எங்கே கண்டேன், ஸப்னாவும் அன்றைக்கு வகுப்புக்குப் போயிருந்தாள். எங்கள் ஒழுங்கை நிற்கிற இடம் மட்டும் நல்ல இரத்தச் சிவப்பு. மற்ற இடங்களுக்கெல்லாம் வெளிறிய நிறத்தைக் கொடுத்துவிட்டுப் பிள்ளை தான் பிறந்த இடத்துக்குப் பளிச்சென்று பூசியிருக்கிறான் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. கொமியுனிகேஷன் கடையில் பெரிதாக அடித்து, பிறேம் போட்டு, புது ஹோலில் ஆயத்துல் குர்ஸி வசனம் மாட்டிய சுவருக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். பெண்ணோடு கூடப் பிறந்த காக்கா வெளிநாட்டில் என்ன படித்தவர் என்று கேட்டால் கையை நீட்டிக் காட்டலாம் அல்லவா.

அவர்கள் ஏழு பேர் வந்தார்கள். சுவரைத் தட்டினார்கள், குழாயைத் திறந்தார்கள், திருப்திதான். மாப்பிள்ளையின் மாமா ஒருவர், ஓய்வுபெற்ற நில அளவையாளராம், மகன் என்ன படிச்ச எண்டு கேட்டார். நான் வட்டிலப்பத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே, இதுதான் படிச்ச எண்டு படத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போனார். சிவப்பில் விரலை வைத்து, இது எந்த இடம் எண்டு கேட்டார். நாம இப்ப நிக்கிற இடந்தான் எண்டு சொன்னேன். சிரித்துக்கொண்டு சொன்னேன் மகன், அதுதான் இன்னும் எனக்குச் சுடுகிறது. அவர் அடியில் இருந்த சின்ன எழுத்தை வாசித்துவிட்டு ஒரு கனைப்புக் கனைத்தார். ‘மகன் நல்லாத்தான் படிச்சிரிக்காரு. இருவத்தஞ்சு வருசத்துக்குள்ள இந்தச் சிவப்பெல்லாம் கடல் எடுத்திரும் எண்டு எழுதி இரிக்காரு’ என்றார்.  அவர்கள் வட்டிலப்பத்தை முழுக்கச் சாப்பிட்டார்கள், ஏலக்காய் அளவாக இருக்கிறது என்று மெச்சினார்கள், சலாம் சொல்லிப் போய்விட்டார்கள். இரண்டாம் நாள் ஆசியா உம்மா வந்து, ‘பொண்ணும் நல்லம், குடும்பமும் நல்லம், வளவுதான் தண்ணிக்குள்ள போகப்போகுதாமேகா’ என்றாள். உலகத்தில் எத்தனையோ கல்யாணம் குழம்பியிருக்கிறது, மாப்பிள்ளை வீட்டாருக்குப் பொய் சொல்லி அகப்பட்டுக் குழம்பும். உண்மையைப் பிறேம் போட்டு மாட்டிக் குழப்பியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. இப்போது அஸர் தொழுகைக்குப் பிறகு தேத்தண்ணி போட்டு எனக்குக் கை ஓய்கிறது, ஒவ்வொருவராக வந்து எங்கட வீடு என்ன நிறம் எண்டு கேட்கிறார்கள். ஸப்னா ஒரு ஈர்க்கை வைத்துக்கொண்டு டீச்சரைப் போல் காட்டுகிறாள். பச்சை வந்தவர்கள் தாங்களே பூசிக்கொண்டது போல் நிமிர்ந்து போகிறார்கள். றஹீமா எங்கள் மதிலோடு மதில், அவளும் சிவப்புத்தானே, ‘ஹாதிக்குக்குச் சொல்லு, எனக்கு ஒரு சொட்டு மஞ்சளாவது போடட்டும், அவன இடுப்புல தூக்கி வளர்த்தவ நான்’ என்று கண் கலங்கிக் கேட்டாள். மாப்பிள்ளையின் மாமா வீட்டையும் ஸப்னா தேடிப் பார்த்தாள், அது மஞ்சள். மஞ்சள் என்றால் எங்களுக்குப் பிறகு இருபது வருடத்தில் என்று அர்த்தமாம். அதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது, அல்லாஹ் என்னை மன்னிக்க வேண்டும்.

பிறகு ஸப்னா உன் புத்தகத்தை இறக்கி எடுத்து, நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று நீ கடைசியில் எழுதியிருப்பதை வாசித்துச் சொன்னாள். திட்டமிட்டுப் பின்வாங்க வேண்டுமாம். எங்கே மகன் பின்வாங்க. எங்களுக்குப் பின்னால் றஹீமாவின் மாமி வீடு, அதற்குப் பின்னால் மெயின் றோட்டு, அதற்குப் பின்னால் சுவரோடு சுவராக வீடு, அது முடிந்தால் வயல். காகம் இறங்குவதென்றாலும் ஆரையாவது கேட்டுத்தான் இறங்க வேண்டும். நீ அங்கே ஒரு நாள் சைக்கிளில் போய் அணைக்கட்டில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினாயே, ஒரு பக்கம் உயரத்தில் கடல், மறுபக்கம் பள்ளத்தில் மாடு நின்று புல் தின்கிறது. கடல் மட்டத்துக்குக் கீழே மாடு மேய்க்கிற நாட்டில் இருந்துகொண்டு, கடலுக்கு மேலே இருக்கிற எங்களை எழும்பிப் போகச் சொல்கிறாய். அந்த மாட்டுக்குக் கட்டிக் கொடுத்த அணையில் நாலு முழம் எங்களுக்கும் தரச் சொல்லி உன் பேராசிரியரைக் கேட்டாயா.

உன் வாப்பா தன்பாட்டில் நாலு நாள் கடலுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். ஐந்தாம் நாள் நான் தாங்க முடியாமல், உங்கட மகன் எழுதினது மெய்யா பொய்யா எண்டு கேட்டேன். ‘மெய்தான் புள்ள. எனக்கு அவன் படம் போட முன்னமே தெரியும், தோணி ஏத்துற இடத்த ரெண்டு தரம் உள்ளுக்கு மாத்தினவன் நான்தானே’ என்றார். தெரிஞ்சுகொண்டா கட்டினீங்க எண்டு நான் கத்திவிட்டேன். கட்டாம விட்டா ஸப்னாவ ஆரு கேட்பான் எண்டு மட்டும் சொன்னார். வருகிற தலைமுறைக்கு மிச்சம் வைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதானாம் உன் படிப்பில் முதல் பாடம். உன் வாப்பா அதைத்தான் செய்தார், பதினொரு வருட உழைப்பை மகள் பெயரில் கடலுக்கு எழுதி வைத்தார். ஸப்னா உள்ளிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்து, எனக்கு இந்த வீடு வேணா வாப்பா எண்டு சொன்னாள். அழாமல் சொன்னாள். மறுநாள் மேசன்மாரை வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டு, அவர் தானே உளியை எடுத்து, வாசல் நிலைகளை ஒவ்வொன்றாகச் சுவரிலிருந்து நோகாமல் பெயர்த்தெடுத்து ஹோலில் அடுக்கினார். முதிரை மரம், வீணாக்க முடியாது. இப்போது அந்த வீட்டுக்கு வாசல் இல்லை, ஓட்டைதான் இருக்கிறது.

உன்மேல் எனக்குள்ள கோபத்தையும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டு துஆ கேட்க முடியாது. இந்தச் சிவப்பை நீ போர்த்துக்கலில் ஒரு மண்டபம் நிறைந்த ஆட்களுக்குச் சொன்னாய். உன் பேராசிரியருக்குச் சொன்னாய். உன் கூடப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னாய். கூரை போடுகிறோம் என்று நான் வீடியோவில் காட்டியபோது, நல்ல வடிவா இரிக்கி உம்மா எண்டு சொன்னாய். அப்போதே உனக்குத் தெரியும். சொன்னால் எங்கள் மனம் உடைந்துவிடும் என்று நினைத்திருப்பாய், எனக்கு விளங்குகிறது, நான் பெற்ற பிள்ளைதானே நீ. ஆனால் வட்டிலப்பத் தட்டோடு நின்று அந்நிய மனிதர் வாயால் நான் அதைக் கேட்டேன் மகன். அதற்கு என் மகன் வாயால் கேட்டிருக்கலாம்.

என் பக்கத்திலும் ஒரு பிழை இருக்கிறது. போன வருடம் மாசி மாதம் நீ போனில் வீடியோ போட்டு என்னைப் பேட்டி கண்டாயே. முதலில் ஒரு கடதாசியை வாசித்தாய், நீங்கள் விரும்பிய நேரம் இந்த ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று. இருபத்தாறு வருடமாக உன்னை விட்டு விலக முடியாமல் இருக்கிறவளிடம் அதைக் கேட்டாய். பெயர் வராது உம்மா, இலக்கம்தான் வரும் என்றாய், எனக்குப் பதினான்காம் இலக்கம் தந்தாய். ஒன்பதாம் கேள்வியாகக் கரையில் ஏதும் மாற்றம் கண்டீர்களா எண்டு கேட்டாய். ஒண்டும் இல்ல, அல்லாட காவலால எல்லாம் அப்படியே இரிக்கி எண்டு சொன்னேன். நான் அன்றைக்கு அலுமாரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தது கடற்பக்க ஜன்னல் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான். உன் புத்தகத்தில் அந்தப் பதிலை எழுதி, அதற்குக் கீழே, கரையோர மக்களுக்கு ஆபத்தைப் பற்றிய விழிப்புணர்வு குறைவு என்று எழுதியிருக்கிறாய். ஸப்னா வாசிக்கும்போது இடையில் நிறுத்தினாள், நான்தான் முழுக்க வாசி என்றேன். அந்தக் கடல் வந்த அன்று உன்னை இடுப்பில் முந்தானையால் கட்டிக்கொண்டு பள்ளிவாசல் மாடிக்கு ஓடியவள் நான். உனக்கு அப்போது ஐந்து வயது, ஒரு செருப்பு விழுந்துவிட்டது என்று அழுதாய்.

இப்போது நிலைமை இதுதான். முந்தாநாள் றிம்சான் மோட்டார் சைக்கிளில் தனியாக வந்தார், பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அந்தப் படத்தை போட்டோ எடுக்கலாமா என்று கேட்டு. ஸப்னா ஈர்க்கை எடுத்துக்கொண்டு அரை மணித்தியாலம் விளக்கினாள், நான் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டைப் பார்த்ததைவிடப் படத்தை அதிகம் பார்த்தார், படத்தைவிட ஈர்க்குப் பிடித்த கையை அதிகம் பார்த்தார். வீடு வேற இடத்துல எழும்பினா எங்கட ஆக்கள் சம்மதிப்பாங்க மாமி, மாரிக்கு முன்ன ஒரு முடிவு சொல்லுங்க எண்டு சொல்லிவிட்டுப் போனார். ஜெமீல் மாமா வயல் ஓரத்தில் ஒரு துண்டு தருகிறேன் என்கிறார். ஆனால் உன் படத்தில் மஞ்சளும் பச்சையும் தொடுகிற கோடு சரியாக அந்தத் துண்டின் மேலே போகிறது, கோட்டின் தடிப்பே மூன்று ஒழுங்கையை மறைக்கிறது. வாப்பாவைப் போய்ப் பார்க்கச் சொன்னேன். ‘நான் ஒருக்கா கண்ணத் திறந்துகொண்டே பிழையான இடத்துல கட்டினவன். ஹாதிக் வந்து மிதிச்சுப் பாத்துச் சொல்லட்டும்’ என்று சொல்லிவிட்டார். அவர் நிலைகளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆகையால் நீ வா. ஒரு கிழமைக்கென்றாலும் வா. வந்து வரப்பில் நின்று, இது பச்சை, இங்கே வாசல் வை என்று உன் வாயால் தங்கச்சிக்குச் சொல். விமானப் புகைக்கு மறுமையில் கேள்வி வந்தால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், உன் பேராசிரியருக்கு நீ சொல்லு.

பார்சலில் நெத்தலிக் கருவாடும் மாசிச் சம்பலும் இருக்கிறது. ஐந்து சுற்றுப் பொலித்தீன் சுற்றியிருக்கிறேன், முகத்தைச் சுளிக்காதே, துணிப் பையில் அனுப்பினால் ஜெர்மனிக்காரர்கள் மருமகனைப் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். பொரிக்கும்போது ஜன்னலைத் திறந்து வை. தொழுகையை விடாதே, குளிரில் தலையை மூடு. உன் கையைக் காலை, உன் ஈமானை, நீ போகிற வருகிற பாதையை அல்லாஹ் பத்திரமாக வைத்திருக்கட்டும். வாப்பா சலாம் சொல்கிறார், ஸப்னாவும் சொல்கிறாள்.

ஒரே ஒரு ஞாபகம். உன் புத்தகத்தைத் திருத்த இன்னும் இடம் இருந்தால், ஒன்பதாம் கேள்விக்கு என் பதிலை மாற்றி எழுது. கரையில் மாற்றம் உண்டு. கடற்பக்க மதில் அதற்கு முந்திய மாரியிலேயே விழுந்துவிட்டது. தென்னை பதினொன்றில் நாலு மிச்சம். கிணற்றுத் தண்ணீர் உப்பு, குடிக்க மாமா வீட்டில் அள்ளுகிறோம். நான் உடுப்புக் காயப்போட்ட கல் தண்ணீருக்குள் நிற்கிறது. இத்தனையும் நீ கேட்ட அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்கு அடுத்த கிழமை பரீட்சை இருந்தது மகன்.

இப்படிக்கு,
உன் உம்மா
பரீனா முத்தலிப்
(உன் புத்தகத்தில் பதினான்காம் இலக்கம்)